நரம்பு பட்டுப்போகும் இடத்தில் ரத்தம் என்ன செய்கிறது?

‘கண்ணில் பிரஷர் கூடியிருக்கிறது, சொட்டு மருந்தை நிறுத்தவே கூடாது.’ கிளாக்கோமா என்று தெரிந்த அன்று பெரும்பாலான நோயாளிகள் கேட்டுவருவது இதைத்தான். ஆனால் அழுத்தம் மட்டுமே இந்த நோய் அல்ல. ஜப்பானின் தாஜிமி நகரில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், திறந்த கோணக் கிளாக்கோமா இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்குக் கண் அழுத்தம் 21 மி.மீ. பாதரச அளவைத் தாண்டவில்லை. வழக்கமான அளவுதான். அப்படியிருந்தும் பார்வை நரம்பு பட்டுப்போய்க்கொண்டிருந்தது.

இப்படிப்பட்டவர்களுக்கும் அழுத்தத்தைக் குறைத்தால் பலன் உண்டா என்பதற்கு 1998-இல் ஒரு பெரிய சோதனை விடை தந்தது. 30 சதவீதம் குறைத்தபோது, நோய் முற்றியவர்கள் 12 சதவீதமாக நின்றார்கள். சிகிச்சை பெறாதவர்களில் அது 35 சதவீதம். ஆகவே மருந்து வீண் அல்ல. என்னை உறுத்துவது அந்த 12 சதவீதம். அழுத்தம் இறங்கிய பிறகும் அவர்களுடைய நரம்பை எது தின்றது?

ரத்த ஓட்டம்தான் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தது. பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் வட்டின் ஓரத்தில் கீற்றாகத் தெரியும் சின்னஞ்சிறு ரத்தக்கசிவை கனடாவின் ஸ்டீபன் டிரான்ஸ் 1970-களிலேயே சுட்டிக்காட்டி, அது நோய் முற்றுவதன் அறிகுறி என்று வற்புறுத்தினார். ஆனால் அங்குள்ள நுண்குழாய்களைத் தெளிவாகப் பார்க்க வழி இல்லை. நொவோட்னி, ஆல்விஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவ மாணவர்கள் 1961-இல் வெளியிட்ட முறை ஒன்று இருந்தது: கையின் ரத்தக்குழாயில் ஃபுளோரசீன் சாயத்தை ஏற்றிக் கண்ணைப் படமெடுப்பது. சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைக்கு அது பேருதவி செய்தது. கிளாக்கோமாவுக்கு உதவவில்லை. படத்தில் அடுக்குகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடும். சிலருக்குக் குமட்டலும் வரும்.

வழி வேறு திசையிலிருந்து வந்தது. ஒளியை அனுப்பி, திரும்பிவருவதைக் கொண்டு விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓசிடி ஸ்கேன் 1991-இல் பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் ஹுவாங், பின்னர் ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லேண்டில் யாலி ஜியா முதலியோருடன் சேர்ந்து 2012-இல் அதையே ரத்த ஓட்டம் காட்டும் கருவியாக்கினார். ஒரே தெருவைக் கணநேர இடைவெளியில் இரண்டு முறை படமெடுத்தால் வீடுகள் அப்படியே இருக்கும், ஓடுகிற வண்டிகள் மட்டும் இடம் மாறியிருக்கும். விழித்திரையில் ஓடுபவை ரத்த அணுக்கள்தான். ஸ்கேன் மாற்றம் கண்ட இடங்களை மட்டும் வெள்ளையாக வரைந்தால், ரத்தக்குழாய்களின் வலை தெரிந்துவிடுகிறது. ஊசி இல்லை, சாயம் இல்லை. சில நொடிகளில் வேலை முடிகிறது.

நரம்பு வட்டைச் சுற்றி, நரம்பிழைகளோடு ஒட்டி நேராக நீளும் ஒரு தனி வகை நுண்குழாய்கள் உண்டு. சுமார் பத்து லட்சம் இழைகளுக்கு ஊட்டம் தருவதில் அவற்றுக்குப் பெரிய பங்கு. ஆரோக்கியமான கண்ணில் அவை அடர்ந்து தெரிகின்றன. கிளாக்கோமா கண்ணில் வட்டிலிருந்து விரிந்து செல்லும் ஆப்பு வடிவ இருள். பெரும்பாலும், நரம்பிழைகள் மெலிந்திருக்கும் அதே இடத்தில். போர்ட்லேண்ட் குழு 2014-இல் நல்ல கண்கள் உள்ள 24 பேரையும் 11 நோயாளிகளையும் ஒப்பிட்டபோது, நோயாளிகளின் நரம்பு வட்டில் ரத்த ஓட்டக் குறியீடு 25 சதவீதம் குறைவு. சிறிய ஆய்வுதான். பின்னால் வந்த பெரிய ஆய்வுகளும் அதே திசையைத்தான் காட்டின.

ரத்தம் குறைந்ததால் நரம்பு செத்ததா, நரம்பு செத்ததால் ரத்தம் தேவைப்படாமல் குழாய் சுருங்கியதா? படம் இதற்கு நேராக விடை சொல்லாது. பார்வைப் புலத்தின் ஒரு பாதி மட்டும் கெட்ட கண்களில், கெடாத பாதிக்குரிய விழித்திரையிலும் குழாய்கள் குறைந்திருந்ததைக் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ ஆய்வாளர்கள் கண்டார்கள். பார்வை போகும் முன்பே மாற்றம் தொடங்குகிறது என்பதற்கு இது நல்ல சாட்சி. ரத்தம்தான் முதல் குற்றவாளி என்பதற்குப் போதாது.

கருவிக்கும் எல்லை உண்டு. கண் அசைந்தாலோ புரை இருந்தாலோ படம் கெடும். ரத்தம் மிக மெதுவாக ஓடினாலும், அறவே நின்றாலும் இரண்டும் இருளாகவே தெரியும்.

தமிழ்நாட்டில், இந்தக் கருவியைப் பற்றிப் பேசுவதற்கும் முன்னால் நிற்கும் துயரம் ஒன்று உண்டு. தென் மாவட்டக் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், திறந்த கோணக் கிளாக்கோமா இருந்தவர்களில் 93 சதவீதம் பேருக்கு அதுவரை நோய் இருப்பதே தெரியாது. அவர்களைக் கண்டறிய இந்த விலையுயர்ந்த ஸ்கேன் வேண்டாம். அழுத்தத்தை அளந்து, கண்பாப்பாவை விரித்து நரம்பைப் பொறுமையாகப் பார்க்கும் ஒரு மருத்துவர் வேண்டும். இயந்திரம் வாங்குவதைவிட அதற்குத்தான் முதலில் செலவிட வேண்டும் என்பேன்.

ஸ்கேன் உதவுவது, ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்களுக்கு. நோய் முற்றியபின் நரம்பிழை அடுக்கு சுமார் 50 மைக்ரான் தடிமனுக்கு வந்து நின்றுவிடும். அதன்பின் எவ்வளவு கெட்டாலும் சாதாரண ஓசிடியில் எண் மாறாது. குழாய் அடர்த்தியோ அதற்கப்புறமும் இறங்கிக்கொண்டே போகும். மிச்சமிருக்கும் கொஞ்சப் பார்வையைக் காக்கப் போராடுபவருக்கு அந்த வித்தியாசம் பெரிது. அறுவை சிகிச்சையால் அழுத்தம் குறைந்த பின் நுண்குழாய் அடர்த்தி சற்றுக் கூடியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. வேறு சிலவற்றில் மாற்றமே இல்லை. கூடுவது உண்மையானால், இருண்டு தெரிந்த குழாய்கள் எல்லாமே அழிந்தவை அல்ல, அழுத்தத்தில் மூடிக் கிடந்தவையும் அவற்றில் உண்டு என்றாகும்.