ஒண்ட வந்தவை – 9: அம்மாயியின் கொட்டாங்குச்சி

பால் கறந்து முடித்தாலும் அம்மாயிக்கு ஒரு வேலை பாக்கி இருக்கும். கட்டுத்தரையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, மாட்டின் காதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு உண்ணி பிடுங்குவார். பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சியில் சீமெண்ணெய். காது முடிந்தால் அலைதாடி, அப்புறம் மடி, கடைசியில் வாலடி. மாடு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டிக் கொடுத்தபடி நிற்கும்.

கொட்டாங்குச்சிக்குள் விழுந்தவற்றில் சில எள்ளளவு. சில ஆமணக்கு விதை மாதிரி உருண்டு, சாம்பல் பூத்து மினுங்கும்.

"இது மட்டும் ஏன் அம்மாயி இவ்வளவு பெருசு?"

"குடிச்சிருக்குது கண்ணு. பக்கத்துல கெடக்கறது அதோட குட்டி."

குட்டி அல்ல, புருஷன். இது எனக்குத் தெரிய முப்பது வருஷம் ஆயிற்று. நாள்கணக்கில் குடித்து ஊதுவது பெண் உண்ணிதான். ஆணின் முதுகு முழுவதையும் ஓடு மூடியிருப்பதால் அதற்கு உப்ப வழியில்லை. சின்னதாகவே இருந்து பெண்ணின் வயிற்றடியில் ஒட்டிக் கிடக்கும். ஆமணக்கு உவமையும் எனக்கு மட்டும் தோன்றியதல்ல. லத்தீனில் 'ரிசினஸ்' என்றால் உண்ணி. விதையின் சாயலைப் பார்த்து ஆமணக்குச் செடிக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள்.

நாமும் உண்ணியின் பெயரைத் தாராளமாகத்தான் செலவழித்திருக்கிறோம். மாட்டைச் சுற்றி மேயும் வெள்ளைக் கொக்கு உண்ணிக்கொக்கு. வேலியோரம் பூத்துக் காட்டையே விழுங்கிக்கொண்டிருக்கும் புதர் உண்ணிச்செடி. நாயைச் சொறிய வைக்கும் தெள்ளுப்பூச்சியையும் சிலர் உண்ணி என்பார்கள். தெள்ளுக்கு ஆறு கால், குதிக்கும். உண்ணி குதிக்காது, பறக்காது. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால். சிலந்திக்கும் தேளுக்கும் அது பங்காளி. முட்டையிலிருந்து வந்த புதுக் குஞ்சுக்கு மட்டும் ஆறு கால் இருக்கும். புல்லின் நுனிக்கு ஏறி, முன்னங்கால்களை விரித்துக்கொண்டு காத்திருக்கும். மோப்பம் பிடிக்கும் உறுப்பு அந்தக் கால்களில்தான் இருக்கிறது. நாம் விடும் மூச்சு அதற்குப் போதும்.

அம்மாயி பிடுங்கியது மாட்டு உண்ணி. இது வீடு மாறாத ஜாதி. குஞ்சாக ஏறிய அதே மாட்டில் தோலுரித்து, வளர்ந்து, கூடி, குடித்து, ஏறக்குறைய மூன்று வாரத்தில் கீழே விழும். விழுந்த பெண் மண்ணிடுக்கில் இரண்டாயிரம் மூவாயிரம் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். ஊதிய உண்ணி ஒன்று சீமெண்ணெயில் விழுந்தால் அத்தனை முட்டைகளும் போயின. நாட்டு மாட்டின் தோல் இவற்றை ஓரளவு சமாளிக்கும். ஜெர்சிக் கலப்பு சமாளிக்காது. உண்ணி ஏற்றிவிடும் 'பபேசியா' என்ற ஒற்றைச்செல் உயிரி ரத்த அணுக்களை உடைக்க, மாட்டுக்குக் காய்ச்சல் கொதிக்கும். மூத்திரம் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் போகும். அந்த நிறத்தைக் கண்டால் பொழுது விடியக் காத்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் 'டெக்சஸ் காய்ச்சல்' என்று மாடுகளைக் கொன்றதும் இதுதான். அதைப் பரப்புவது உண்ணியே என்று தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893இல் நிறுவினார்கள். கொசுவுக்குள் ரொனால்ட் ராஸ் மலேரியாவைக் கண்டது அதற்கு நான்கு வருஷம் கழித்து. புகழ் என்னவோ கொசுவுக்குத்தான் போனது.

நாய் உண்ணி செம்பழுப்பு நிறம், ஒல்லி உடம்பு. இது ஒவ்வொரு முறை குடித்ததும் இறங்கிப்போய்த் தோலுரித்துத் திரும்ப ஏறும். இறங்கிப் போகிற இடம் நம் வீட்டுச் சுவர்தான். மேல்நோக்கி ஏறுவது அதன் குணம். ஜன்னல் சட்டம், திரைச்சீலை மடிப்பு, ஓட்டு இடுக்கு என்று எங்கும் முட்டை இருக்கும். நாயை மட்டும் மருந்து போட்டுக் குளிப்பாட்டி, சுவரை விட்டுவிட்டால் பதினைந்தாம் நாள் பழைய கதைதான். நாய்க்கு இது தரும் 'எர்லிக்கியா' நோயில் ரத்தத் தட்டணுக்கள் குறைந்து மூக்கில் ரத்தம் வரும். நம்மை அபூர்வமாகத்தான் கடிக்கும். கடித்தால் உள்ளங்கை, உள்ளங்கால் வரை தடிப்போடு ஒரு காய்ச்சல் வரலாம். இந்தப் பேச்சுக்குக் கடைசியில் திரும்ப வருகிறேன்.

மாட்டிலேயே இன்னொன்று உண்டு. ஹயலோமா. நீளக் கால், காலில் வெள்ளை வளையங்கள். கொலுசு போட்ட மாதிரி இருக்கும். புல் நுனியில் உட்கார்ந்திருக்கப் பொறுமையில்லாமல் ஓடிவந்து ஏறுகிற ரகம். கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சலின் வைரஸைச் சுமப்பது இது. 2011 ஜனவரியில் குஜராத்தில், அகமதாபாத் பக்கத்துக் கோலாட் கிராமத்துப் பெண் ஒருவர் இந்தக் காய்ச்சலில் இறந்தார். அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவரும் செவிலியரும் அடுத்தடுத்து இறந்தார்கள். கடித்தால் மட்டும் தொற்றும் வைரஸ் அல்ல இது. உண்ணியை விரலால் நசுக்கினாலும், நோய்ப்பட்டவரின் ரத்தம் பட்டாலும் தொற்றும். எங்கள் தெருவில் பாதிப் பேர் உண்ணியை நகத்தில் வைத்து 'டப்'பென்று உடைப்பார்கள். அந்தச் சத்தத்தில் ஒரு திருப்தி. அம்மாயி உடைக்க மாட்டார். காரணம் கேட்டால் "சீ, நாத்தம்" என்பார்.

உடம்பில் ஒட்டிக்கொண்டால் பீடி நெருப்பு, சுண்ணாம்பு, சீமெண்ணெய் எதுவும் வேண்டாம். சுட்டால் அது வயிற்றில் இருப்பதைக் கக்கும். நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டி, தலையருகே பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். வாயில் பின்னோக்கிய முட்கள் இருப்பதால் கொஞ்சம் அடம்பிடிக்கும்.

காட்டு உண்ணிக்கு வருவோம். 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டம் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. கூடவே ஊராருக்கும் காய்ச்சல். குரங்கும் மனிதரும் சேர்ந்து சாவதைப் பார்த்து, ஆப்பிரிக்க மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்துவிட்டதோ என்று முதலில் பயந்தார்கள். புனே வைரஸ் ஆய்வு மையத்தார் தேடிக் கண்டது, ரஷ்யக் காடுகளின் மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு உறவான ஒன்றை. சுமந்தது ஹீமஃபைசாலிஸ் என்ற உண்ணி. செத்த குரங்கின் உடல் குளிர்ந்ததும் உண்ணிகள் மொத்தமாக இறங்கிவிடும். அந்த மரத்தடியே பொறியாகிவிடும். டிசம்பர் முதல் மே வரை, சருகும் விறகும் பொறுக்க ஆட்கள் போகும் அதே மாதங்களில், எள்ளளவுள்ள இளம் உண்ணிகள் அங்கே நிறைந்திருக்கும். மலைநாட்டார் இதை 'மங்கன காயிலெ', குரங்கு நோய், என்கிறார்கள். 2012க்குப் பிறகு பந்திப்பூர், நீலகிரி, வயநாடு என்று நம் எல்லைவரை வந்துவிட்டது. காட்டோரம் குரங்கு செத்துக் கிடந்தால் கிட்டப் போகாமல் தகவல் சொல்வதே உத்தமம்.

இப்போது என் மனக்குறை. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் மழைக்காலம் தோறும் 'உண்ணிக் காய்ச்சல்' என்று வருகிறதே, அதைப் பரப்புவது மேலே சொன்ன எந்த உண்ணியும் அல்ல. அது ஸ்கிரப் டைபஸ். புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒரு சிற்றுயிரின் குஞ்சு கடித்து வருவது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத அதைக் கண்ணால் பார்ப்பதே கஷ்டம். கடித்த இடத்தில் பீடியால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. வலிக்காது, அரிக்காது. அக்குள், இடுப்பு, மார்பின் மடிப்பு என்று மறைவாகவே இருக்கும். நாய் உண்ணி தரும் காய்ச்சலை உண்ணிக் காய்ச்சல் என்றாலாவது பொருந்தும். அதற்கு நாம் பெயரே வைக்கவில்லை.

என் சித்திக்குப் பத்து நாள் காய்ச்சல். களை பறிக்கப் போய்வந்த பிறகு ஆரம்பித்தது. முதலில் பார்த்த இடத்தில், "உண்ணி ஏதாச்சும் கடிச்சுதாம்மா?" என்று கேட்டார்கள். சித்தி மாடு வைத்திருந்தவர், உண்ணி தெரியாதவரா? "இல்லீங்களே" என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு வேறு இடத்தில் ஒரு இளம் டாக்டரம்மா எதையும் கேட்காமல், புடவையைத் தளர்த்தச் சொல்லி, பாவாடை நாடா பதியும் தடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார். மிளகு அளவுக்கு ஒரு பொருக்கு இருந்தது. டாக்சிசைக்ளின் கொடுத்து இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது.

வீடு திரும்பிய சித்தி வாசலில் நின்று "மணி... மணி" என்று இரண்டு முறை கூப்பிட்டார். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதியிருந்ததைப் படித்த அன்றைக்கே நாயைச் சாக்கில் கட்டி, ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

(தொடரும்)