கரையற நூலா? பிரிக்கற நூலா?

ஊர்ல யாருக்காவது ஆபரேஷன் ஆச்சுன்னா, கிளாஸ்கோவுல விடியறதுக்கு முன்னாடியே எனக்கு போன் வந்துடும். "தம்பி, போட்டிருக்கறது கரையற நூலா, பிரிக்கற நூலா?" மருத்துவம் படிக்கிற பாவத்துக்கு தூக்கக் கலக்கத்துலயும் பதில் சொல்லியாகணும் :-) ஆனா கேள்வி ரொம்ப சரியான கேள்வி. மொத்தமா ஒரே பதிவா எழுதிடலாம்னு தோணுச்சு.

முதல்ல ஒரு விசயம். நூல் காயத்தை ஆத்தறதில்லை. வெட்டின இடம் தானா பலம் பிடிக்கிற வரைக்கும் ரெண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடிச்சுக்கறது மட்டும்தான் அதோட வேலை. முகத்துத் தோலுக்கு அஞ்சு நாள் போதும். வயித்துச் சுவருக்கு மாசக்கணக்கா ஆகும். எந்த நூல்ங்கறதை இந்த நாள் கணக்குதான் பெரும்பாலும் முடிவு பண்ணுது.

பழைய கரையற நூல் கேட்கட். பேர்ல பூனை இருக்கே தவிர, செய்யறது ஆடு, மாட்டுக் குடல்ல இருந்து. இதே கிளாஸ்கோவுல பேராசிரியரா இருந்த ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்துல பதப்படுத்தின கேட்கட்டைப் பத்தி 1869ல் எழுதினார். சாதா கேட்கட் ஏழு முதல் பத்து நாள்தான் பலமா இருக்கும். அந்நியப் புரதம்ங்கறதால உடம்பு அதோட சண்டை போடும், சுத்தி வீங்கும். மாடுகளுக்கு வந்த மூளை நோய் பயத்துல பிரிட்டன்ல 2001ஓட இதை நிறுத்திட்டாங்க. இந்தியாவுல இன்னும் விற்பனையில இருக்கு.

இப்போ அந்த இடத்துல செயற்கை நூல்கள். விக்ரில் மூணு வாரத்துல பாதி பலத்தை இழந்துடும். ஆனா முழுசா மறைய ரெண்டு மாசம் ஆகும். பி.டி.எஸ். நூலுக்கு பாதி பலம் போகவே சுமார் நாலு வாரம், மறைய ஆறு மாசம். பலம் போற நாள் வேற, கரையற நாள் வேற. "நூல் இன்னும் உள்ளதானே இருக்கு"ன்னு நம்பி மூணாவது வாரம் தண்ணிக்குடம் தூக்கினா கஷ்டம்தான்.

கரையாத நூல்ல நைலான் தோலுக்கு, புரோலீன் ரத்தக்குழாய்க்கு. பட்டு நூலையும் கரையாத கணக்குலதான் சேர்ப்பாங்க. ஆனா உள்ளே விட்டா ஒரு வருசத்துலயே பெரும்பாலும் பலமிழந்துடும். நூல் அளவுல சைபர் கூடக்கூட நூல் மெலிசு. கண்ணுல போடற பத்து சைபர் நூல் தலைமுடியை விட மெலிசு!

அடுத்து ஊசி. காது வெச்ச ஊசியில நூல் இரட்டையா போகும், ஓட்டை பெரிசாகும். அதனால இப்போ பெரும்பாலும் நூலை ஊசியோட பின்பக்கத்துலயே பொருத்தி வர்றாங்க. குடலுக்கும் ரத்தக்குழாய்க்கும் உருண்டை ஊசி. அது சதையை வெட்டாம விலக்கிட்டுப் போறதால கசிவு குறைவு. அதே ஊசியால தோலைத் தைக்கப் பாருங்க, உள்ளேயே போகாது. நாங்க பழகற பன்னிக்கால்லயே இது தெரிஞ்சுடும். தோலுக்கு வெட்டு ஊசி வேணும். அந்த வெட்டு விளிம்பு வளைவோட வெளிப்பக்கம் இருந்தா இன்னும் நல்லது. நூல் காயத்து ஓரத்தைக் கிழிச்சுட்டு வராது. கல்லீரலுக்கு முனை மழுங்கின ஊசி.

இதெல்லாம் வெறும் பாடப்புத்தக சமாச்சாரம் இல்லைங்க. வயித்து ஆபரேஷன் ஆனவங்கள்ல சிலருக்கு அந்தத் தழும்பு வழியாவே குடல் பிதுங்கி ஹெர்னியா வரும். நெதர்லாந்துல 560 பேரை வெச்சு நடந்த ஆய்வு ஒண்ணு 2015ல் வெளியாச்சு. ஒரு சாராருக்குத் தடிச்ச நூல், பெரிய ஊசி, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு தையல். இன்னொரு சாராருக்கு மெலிசு நூல், சின்ன ஊசி, அஞ்சு மில்லிமீட்டருக்கு ஒரு தையல். ஒரு வருசம் கழிச்சு ஹெர்னியா முதல் சாராருக்கு 21 சதவீதம், ரெண்டாவதுக்கு 13 சதவீதம். கூடுதல் செலவு? தைக்கறப்போ சில நிமிசம், அவ்வளவுதான். தடிச்ச நூல்தான் கெட்டின்னு நினைக்கறவங்களுக்கு இது ஒரு குட்டு.

சரி, வீட்டுக்குப் போறப்போ டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. வெளியில தெரியற தையல் கரையுமா, பிரிக்கணுமா? பிரிக்கணும்னா எந்தத் தேதி? எத்தனை வாரத்துக்கு பாரம் தூக்கக்கூடாது? பொதுவா முகத்துக்கு 3 முதல் 5 நாள், தலைக்கும் உடம்புக்கும் 7 முதல் 10, கை காலுக்கு 10 முதல் 14. சீக்கிரம் பிரிச்சா காயம் வாய் திறக்கும். நாள் தள்ளிப் போட்டா ரயில் தண்டவாளம் மாதிரி தழும்பு நிக்கும். பதிலை டிஸ்சார்ஜ் சீட்டுலயே எழுதி வாங்கிக்குங்க.

டிஸ்கி: நான் இன்னும் மாணவன்தான். காயம் சிவந்து, சூடா இருந்து, சீழ் வந்தா எனக்கு போன் போடாதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.