திராட்சைத் தோட்டங்களூடே சைக்கிள் மார்க்கம்: பிரான்சு தேசமும் கம்பம் பள்ளத்தாக்கும்

விளைநிலத்தின் நடுவே செல்லும் பாதையைக் குடியானவர் இருவிதமாக நோக்குவது வழக்கம். எருவும் விதையும் கொண்டுபோகவும், விளைபொருளை ஏற்றி வரவும் அஃது இன்றியமையாதது. ஆனால் அந்நியர் நடமாட்டத்திற்கும், களவிற்கும், புழுதிக்கும் அதுவே வாயிலாகவும் அமைகின்றது. ஆதலின் பாதை வேண்டுமென்று விண்ணப்பிப்பவரே, அது தம் தோட்டத்தை ஒட்டி வருமாயின் தயங்குகின்றனர். இத்தயக்கத்தை நீக்கி, வழிப்போக்கரின் வரவையே வருமானமாக மாற்றிக்கொண்டோர் பிரான்சு தேசத்துத் திராட்சைக் குடியானவர். அவர்கள் கையாண்ட முறையையும், நமது மாகாணத்தில் அதற்கு ஏற்ற இடமாகிய கம்பம் பள்ளத்தாக்கின் நிலைமையையும், நமது கடலூர், சிதம்பரம் பகுதியார் அவற்றினின்று கொள்ளத்தக்கவற்றையும் ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவோம்.

பாதையோரக் கொடியும் மயில்துத்தமும்

வழிப்போக்கரைக் கண்டு அஞ்சுதல் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. பிரான்சின் போர்தோ பிரதேசத்தில், பாதையோரத்துக் கொடிகளினின்று பழத்தைப் பறித்துச் செல்வோரைத் தடுக்கும் பொருட்டு, குடியானவர் அக்கொடிகளின்மீது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளிப்பது வழக்கமாயிருந்தது. நீலநிறமும் கசப்பும் கண்டோர் பழத்தைத் தொடமாட்டார் என்பது அவர்கள் எண்ணம். 1882-ஆம் ஆண்டில் அடிச்சாம்பல் நோய் தோட்டங்களைப் பாழாக்கியபோது, பாதையோரக் கொடிகள் மாத்திரம் இலையுதிராமல் பசுமையாக நின்றன. தாவர சாஸ்திரியாகிய மில்லார்தே என்பார் இதனைக் கவனித்து ஆராய்ந்து, 1885-ஆம் ஆண்டில் தமது முடிபுகளை வெளியிட்டார். இன்று நமது குடியானவர் ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ நீற்றாத சுண்ணாம்பும் நூறு லிட்டர் தண்ணீரில் சேர்த்துத் தயாரிக்கும் ஒரு சதவீதப் போர்டோ கலவை இவ்வாறு பிறந்ததேயாகும். பாதை இல்லையேல் இம்மருந்து அறியப்படுவதற்கு இன்னும் காலம் சென்றிருக்கக் கூடும்.

பிரான்சு தேசத்து ஏற்பாடு

திராட்சை ஓங்கி வளரும் இடங்களில், சைக்கிளில் செல்வோர்க்கென்று தொடர்ச்சியான வழிகள் அங்கு வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் மூன்று நமது கவனத்திற்கு உரியன.

முதலாவது, பர்கண்டி பிரதேசத்தில் போன் நகரிலிருந்து பொம்மார், வொல்னே, மெர்சோ முதலிய கிராமங்களின் வழியே சாந்தனே வரை ஏறக்குறைய 22 கிலோமீட்டர் செல்வது. இதற்கெனப் பெரும்பாலும் புதிதாக நிலம் எடுக்கப்படவில்லை. தோட்ட வேலைக்காக முன்னரே இருந்த ஒடுங்கிய பாதைகளையே இணைத்து, வழிகாட்டும் பலகைகள் நட்டு, சைக்கிள் மார்க்கமாக ஆக்கினர். நிலம் மேடும் தாழ்வுமாக அலைபோல அமைந்திருப்பதால் ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வருகின்றன. ஆயினும் சாதாரண மனிதன் களைப்பின்றி ஏறக்கூடிய சரிவுகளே. அப்பகுதித் திராட்சை நிலங்கள் 2015-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டன.

இரண்டாவது, போர்தோவின் அருகே லாத்ரேன் என்னும் ஊரிலிருந்து சோவ்த்தேர் வரை செல்வது. இஃது இரயில் ஓடாது கைவிடப்பட்ட இருப்புப்பாதையின்மேல் அமைந்தது. இரயில்பாதை கடுஞ்சரிவு இல்லாதது ஆதலின், முதியோரும் சிறாரும் இதில் எளிதாகச் செல்லலாம். க்ரேயோன் ஊரின் பழைய இரயில் நிலையம் இன்று சைக்கிள் வாடகைக்கும் பழுதுபார்ப்பிற்கும் உரிய நிலையமாயிருக்கின்றது. 1937-ஆம் ஆண்டு பிரான்சு தேசச் சுற்றுப்பந்தயத்தில் வென்ற ரோஜே லாபெபி என்பவரின் பெயரை இவ்வழிக்கு இட்டுள்ளனர்.

மூன்றாவது, அல்சாஸ் பிரதேசம். மலையடிவாரத்துத் திராட்சைக் கிராமங்களை இணைக்கும் 170 கிலோமீட்டர் ரஸ்தா 1953-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அதனையொட்டிச் சைக்கிளுக்கென்று தனி வழியும் உண்டு. அறுவடைக் காலத்தில் தோட்டத்து நடைபாதைகளை வெளியார்க்கு மூடிவிடுவது அங்குள்ள ஊர்களில் வழக்கம். விருந்தினரை வரவேற்பவரும் தம் வேலைக்கே முதலிடம் தருகின்றனர் என்பது இதனால் விளங்கும்.

இவ்வழிகளை ஒட்டிய விடுதிகளுக்கும் கடைகளுக்கும் அந்நாட்டில் ஓர் அடையாள முத்திரை அளிக்கப்படுகின்றது. மார்க்கத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருத்தல், சைக்கிளைப் பத்திரமாக வைக்க இடம் தருதல், பழுதுபார்க்கும் கருவிகள் வைத்திருத்தல் ஆகியவை அதற்கு வேண்டிய நிபந்தனைகளுட் சில. குடியானவர் தம் வீட்டு வாயிலிலேயே தம் பொருளை விற்பதும் இவ்வழிகளின் பெரும்பயன். இடைத்தரகர்க்குப் போகும் பங்கு அவ்வளவுக்கு மிச்சமாகின்றது.

கம்பம் பள்ளத்தாக்கு

இனி நமது மாகாணத்திற்கு வருவோம். தேனி ஜில்லாவில், மேற்கே ஏலமலைகளும் கிழக்கே மேகமலையும் அரண்போல நிற்க, நடுவே முல்லைப் பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கு, தமிழ்நாட்டுப் பன்னீர்த் திராட்சையின் தலைமை இடமாகும். 1895-ஆம் ஆண்டில் முடிவுற்ற பெரியாறு அணையின் நீரால் பள்ளத்தாக்கின் தாழ்நிலத்தில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகின்றது. அதற்கு மேலான நிலங்களில் கிணற்றுப் பாசனத்தைக் கொண்டு திராட்சை பயிராகின்றது. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்வகையை முதலில் கொணர்ந்தவர் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் என்பது அப்பகுதியில் வழங்கும் செய்தி.

பிரான்சின் தோட்டத்திற்கும் கம்பத்தின் தோட்டத்திற்கும் வேற்றுமை உண்டு. பர்கண்டியில் கொடிகளை இடுப்பளவு உயரத்தில் கம்பிகளில் வரிசையாகப் படரவிடுவர். ஆதலின் சைக்கிளில் செல்வோன் பல மைல் தூரம் வரை தோட்டங்களைப் பார்க்கலாம். கம்பத்தில் கல்தூண் நாட்டிக் கம்பி இழுத்துத் தலைக்கு மேற்பட்ட பந்தலில் கொடியை ஏற்றுகின்றனர். குலைகள் நிழலில் தொங்குகின்றன. பிரான்சில் ஆண்டிற்கு ஒரே அறுவடை. அது பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் முடிந்துவிடும். கம்பத்திலோ, மார்கழி-தை மாதங்களில் கவாத்து செய்த தோட்டம் சித்திரை-வைகாசியில் பழம் தரும். வைகாசி-ஆனியில் கவாத்து செய்தது ஆவணி-புரட்டாசியில் பழம் தரும். கவாத்தைத் தக்கபடி மாற்றியமைத்தால் இரண்டாண்டில் ஐந்து அறுவடை காணலாம். தோட்டத்திற்குத் தோட்டம் கவாத்துக் காலம் வேறுபடுவதால், எந்த மாதத்தில் சென்றாலும் எங்கேனும் ஒரு பந்தலில் பழம் தொங்குவதைக் காணலாம். பிரான்சுக்கு வாய்க்காத அனுகூலம் இது.

செல்லும் வழி

மதுரையிலிருந்து தேனிக்கு அகல இரயில் பாதை 2022-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகச் செல்லும் பெருஞ்சாலை, பேருந்துகளும் கேரளத்திற்குச் செல்லும் சரக்கு வண்டிகளும் மிகுந்தது. சைக்கிளுக்கு அஃது உகந்ததன்று. உத்தமபாளையத்தினின்று பெருஞ்சாலையை விட்டு விலகி, ஆனைமலையான்பட்டி, இராயப்பன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, சுருளிப்பட்டி ஆகிய ஊர்களைக் கிராமச்சாலைகளின் வழியே தொட்டுக் கம்பம் சேர்வதே சிறந்தது. ஆனைமலையான்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. இராயப்பன்பட்டியின் அருகே சண்முகாநதி நீர்த்தேக்கம் இருக்கின்றது. சுருளிப்பட்டிக்கு அப்பால் சுருளி அருவி. யானை நடமாட்டம் உள்ளபோது அருவிக்குச் செல்லும் வழியை வனத்துறையினர் மூடுவதுண்டு. ஆதலின் விசாரித்துச் செல்லுதல் நலம்.

ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று கடுமையாக வீசும். தெற்கு நோக்கிச் செல்வோர் அதிகாலையில் புறப்படுவது நன்று. திரும்பும்போது காற்றே உதவும். லோயர்கேம்பில் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் நினைவு மண்டபம் உண்டு. அதற்குமேல் குமுளிக்கு ஏறும் மலைச்சாலை வளைவும் வாகன நெருக்கமும் உடையது. பழக்கமற்றோர் அதனை மேற்கொள்ளலாகாது.

தோட்டக்காரரும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டியவை

இத்தகைய மார்க்கம் எங்கு ஏற்பட்டாலும் கீழ்க்கண்ட விஷயங்களை முன்கூட்டியே தீர்மானித்துக் கொள்ளுதல் வேண்டும்.

1. முதலுரிமை வேலை வண்டிக்கே. உரம், பழம், கூலியாட்கள் ஏற்றிச் செல்லும் டிராக்டருக்குச் சைக்கிள் வழிவிட வேண்டும். இதனைப் பலகையில் தெளிவாக எழுதி வைக்க வேண்டும்.

2. மருந்து தெளிக்கும் நாளில் பாதையோரத்தில் சிவப்புக் கொடி நாட்டுக. தெளித்த திறந்தவெளி நிலத்தில் குறைந்தது ஆறு மணி நேரம் எவரும் நுழையலாகாது என்பது பிரான்சு நாட்டு விதி. கடுமையான மருந்துகளுக்கு இக்காலம் இன்னும் அதிகம். காற்று பாதையை நோக்கி வீசும் வேளையில் தெளிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

3. வெளியார் பந்தலுக்குள் நுழைய இடந்தரலாகாது. மண்ணின் வழியே நோய் பரவும். 1863-ஆம் ஆண்டு முதல் பிரான்சில் காணப்பட்டு, அந்நாட்டுத் திராட்சையைப் பெரும்பாலும் அழித்த பில்லொக்சரா என்னும் வேர்ப்பேன், மண்ணோடு கூடிக் காலணியிலும் சக்கரத்திலும் ஒட்டிச் செல்லக் கூடியது. அமெரிக்கக் கொடியின் வேரின்மேல் ஒட்டுக்கட்டிய பின்னரே அந்நாட்டார் மீண்டனர். நமது தோட்டங்களில் வேர்முடிச்சு நூற்புழுவும் இவ்வாறே மண்ணோடு இடம்பெயரும். ஆதலின் சக்கரம் பாதையோடு நிற்க வேண்டும்.

4. பழம் விற்கும் இடம் பாதையோரத்தில், நிழலில், எடைத்தராசுடன் இருக்கட்டும். விலையை எழுதி வைப்பின் பேரமும் பூசலும் குறையும். நம்பிக் கேட்டு வாங்க இடமிருப்பின் திருடிப் பறிப்பார் தொகை தானே குறையும்.

5. குடிநீர், கழிப்பிடம், காற்றடிக்கும் பம்பு ஆகிய மூன்றும் ஊராட்சியின் பொறுப்பில் ஓரிடத்தில் அமைதல் வேண்டும். குப்பைத்தொட்டி இல்லாத இடத்தில் வாய்க்காலே குப்பைத்தொட்டியாகிவிடும்.

6. பாதையின் எல்லையைக் கிராம நிர்வாக அலுவலர் புலப்படத்தோடு ஒப்பிட்டு, கல் நட்டு உறுதி செய்தபின்னரே பலகை நடுக. எல்லை தெளிவாகாத பாதையில் வழிப்போக்கர் பெருகினால் வழக்கும் பெருகும்.

நமது பகுதிக்கு

கடலூர், சிதம்பரம் பக்கங்களில் திராட்சை பெரும் பயிராக இல்லை. முந்திரி என்றாலே நமக்குக் கொட்டை முந்திரிதான் நினைவுக்கு வரும்; திராட்சையைக் கொடிமுந்திரி என்று வேறுபடுத்திக் கூறினர் முன்னோர். ஆயினும் பாதையின் தத்துவம் பயிரைப் பொறுத்ததன்று. முதுநகரிலிருந்து நெல்லிக்குப்பம், பண்ணுருட்டி வழியே விழுப்புரத்திற்குச் செல்லும் இரயில் உண்டு. பண்ணுருட்டியைச் சூழ்ந்த செம்மண் மேட்டு நிலமோ, பலாவும் முந்திரியும் அடர்ந்து, ஏற்றமும் இறக்கமுமாகக் கிடக்கின்றது. தெற்கே, சோழர் காலத்து வீராணம் ஏரியின் கரையையொட்டிச் சேத்தியாத்தோப்பிலிருந்து காட்டுமன்னார்கோயில் செல்லும் வழி, ஒருபுறம் நீரும் மறுபுறம் நெல்வயலுமாக விளங்குகின்றது. பலாப் பருவத்தில் முன்னதும், தை மாத அறுவடைக்கு முன் பின்னதும் வெளியூரார் விரும்பி வரத்தக்கவை.

இவற்றிற்குப் புதிய நிலமோ பெருஞ்செலவோ முதற்கண் தேவையில்லை. பர்கண்டியார் செய்தது போல, உள்ள வண்டிப்பாதைகளைச் செப்பனிட்டு, ஒன்றோடொன்று இணைத்து, பலகை நடுவதே தொடக்கம். அவ்வாறு செப்பனிட்ட பாதையில் வெளியூரார் ஒருவரும் வாராது போயினும், குடியானவனுடைய பலாவும் நெல்லும் குலுங்காமல் சந்தைக்குச் சேரும், அச்செலவு வீணாகாது. வெளியூரார் வருவாராயின், விளைபொருளுக்கு வாயிலிலேயே ஒரு சந்தை கிடைக்கும். ஆகவே ஒவ்வோர் ஊராட்சியும் அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் தன் எல்லைக்குட்பட்ட வண்டிப்பாதைகளின் ஜாபிதாவைத் தயாரித்து, எவை எவை பழுதுற்றன, எவை ஆக்கிரமிக்கப்பட்டன என்று குறித்துவைத்தல் நலம். பாதை முதலில் உழவனுக்கு, பின்னரே வழிப்போக்கனுக்கு என்னும் நியதியை விடாது பற்றினால், இருவர்க்கும் பயன் உண்டாகும் என்பதில் ஐயமில்லை.