எஸ்.ஆரில் இல்லாத பக்கங்கள்

தமிழக அரசு ஊழியருக்கு ஓய்வு, 60 வயது நிறைவடையும் மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் வருகிறது. 2020 வரை 58 ஆக இருந்த வயது, அந்த ஆண்டு 59 ஆகி, 2021இல் 60 ஆனது. சால்வை, மாலை, ஒரு தட்டு நிறையப் பழம், நாலு பேர் பேச்சு. பிறகு கூட வேலை பார்த்தவர்கள் காரில் ஏற்றி வீடு வரை கொண்டுவந்து விட்டு, காபி குடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள்.

முதல் சில மாதங்கள் நன்றாகவே போகும். தள்ளிப்போட்ட கோயில் பயணம், பேரப்பிள்ளைகள், பல் வைத்தியம், மொட்டை மாடித் தளத்தைச் சரிபார்ப்பது என்று நாள் நகரும். ஓய்வு வாழ்க்கையை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் ஆட்ச்லி, இந்தக் காலத்துக்குத் தேனிலவு என்றே பெயர் வைத்தார். அதற்குப் பிறகு ஒரு சலிப்பு வரக்கூடும் என்றும் சொன்னார். பென்ஷன் வருகிறது, கிராஜுவிட்டி வந்துவிட்டது, உடம்பும் பரவாயில்லை. ஆனாலும் காலை பத்து மணிக்கு ஏதோ ஒன்று பிசைகிறது. (மாதச் செலவுக்கே நெருக்கடி உள்ளவரின் கவலை வேறு. மனநிலையை மாற்றிக்கொள் என்று அவரிடம் சொல்வது நியாயமில்லை.)

பிசைவதற்குக் காரணம் உண்டு. முப்பத்தைந்து ஆண்டுகளாக எத்தனை மணிக்கு எழுவது, யாரிடம் பேசுவது, எதற்குக் கோபப்படுவது என்று எல்லாவற்றையும் அலுவலகமே முடிவு செய்து கொடுத்தது. ‘நீங்க யாரு?’ என்று கேட்டால் பெயருக்கு முன்னால் பதவி வந்து நின்றது. இப்போது அந்தக் கேள்விக்கு நாமே பதில் தேட வேண்டியிருக்கிறது. தேடும்போது மனம் தானாகப் பின்னால் திரும்புகிறது. ‘நான் மணப்பாறையில இருந்தப்போ...’ என்று பேச்சு தொடங்குவது அதனால்தான்.

வீட்டில் உள்ளவர்கள் இதை ‘ஆரம்பிச்சுட்டார்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு காலத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்; பழசையே பேசுவது மூளை தளர்வதன் அடையாளம் என்று பலர் கருதினார்கள். 1963இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒரு கட்டுரையில் இதை மறுத்தார். முதுமையில் மனிதர் தம் வாழ்க்கையைத் திரும்பப் பார்ப்பது இயல்பானது, அது மனம் செய்ய வேண்டிய ஒரு வேலை என்றார். அதற்கு அவர் வைத்த பெயரை ‘வாழ்க்கை மீள்பார்வை’ எனலாம். முடிக்காமல் விட்ட சண்டைகளும் குற்ற உணர்வுகளும் மேலே வந்து, அவற்றுக்கு ஓர் இடம் கிடைக்கும்போது அமைதி வருகிறது. இடம் கிடைக்காதபோது அதே நினைவுகள் மனிதரை வாட்டுகின்றன என்பதையும் அவர் மறைக்கவில்லை.

ஆக, எப்படித் திரும்பிப் பார்க்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். பால் வாங், லிசா வாட் என்ற இரு ஆய்வாளர்கள் 1991இல் முதியவர்களின் நினைவுகூரலை ஆறு வகையாகப் பிரித்துப் பார்த்தார்கள். நன்றாக முதுமையடைந்தவர்களிடம் இரண்டு வகை கூடுதலாக இருந்தது. ஒன்று, நடந்ததை அதன் நல்லது கெட்டதோடு ஏற்றுக்கொண்டு தன் வாழ்க்கைக்குள் பொருத்திப் பார்ப்பது. மற்றது, முன்பு ஒரு சிக்கலை எப்படிச் சமாளித்தோம் என்பதை நினைத்து இன்றைய சிக்கலுக்கு எடுத்துக்கொள்வது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் நிவாரணப் பணி பார்த்த ஒரு வருவாய் ஆய்வாளரை எண்ணிப் பாருங்கள். அந்த நாட்களில் தூக்கமில்லாமல் பட்டியல் போட்டுப் பொருள் பிரித்த நிதானம் இன்னும் அவருக்குள் இருக்கிறது. மனைவிக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை என்றதும் பதறும் மனிதருக்கு அந்த நினைவு கைகொடுக்கும். நன்றாக முதுமையடைந்தவர்களிடம் குறைவாகக் காணப்பட்ட வகையும் ஒன்று உண்டு. அது ஒரே வருத்தத்தை விடாமல் சுற்றிவருவது.

அரசு ஊழியர்களுக்கு நான் சொல்லும் வழி எளிது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். உங்கள் பணிப்பதிவேடு, அதாவது எஸ்.ஆர்., எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: சேர்ந்த தேதி, அங்க அடையாளம், மாறுதல்கள், ஊதிய உயர்வு, துறைத் தேர்வு, விடுப்பு, தண்டனை இருந்தால் அதுவும். அரசு உங்களைப் பற்றி எழுதிவைத்தது அவ்வளவுதான். அதில் இல்லாததை நீங்கள் எழுதுங்கள். நம்மவர்களின் நினைவு ஆண்டுக்கணக்கில் இருப்பதில்லை, ஊர்க்கணக்கில் இருக்கிறது. எனவே ஓர் ஊருக்கு இரண்டு பக்கம் ஒதுக்கலாம். அங்கே எந்த வீட்டில் குடியிருந்தீர்கள், யார் உதவினார்கள், யாருக்கு நீங்கள் உதவினீர்கள், எதைச் செய்யாமல் விட்டீர்கள். ‘கடமையைச் சரிவரச் செய்தேன்’ போன்ற வழியனுப்பு விழா வாக்கியங்கள் வேண்டாம். விதவை உதவித்தொகைக்கு மூன்று முறை அலைந்த அம்மாவின் மனுவில் நீங்கள் கையெழுத்து வாங்கிக் கொடுத்த நாள் இருந்தால், அது வேண்டும். அலைய விட்டது நீங்கள் என்றால், அதுவும் வேண்டும்.

இனி கடினமான பக்கம். ஓய்வு பெற்றவர்கள் பலரிடம் ஒரு கதை திரும்பத் திரும்ப வரும்: 17பி மெமோ (கடும் தண்டனைக்கு வழிவகுக்கும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை) கொடுத்தார்கள், விசாரணையில் ஒன்றும் நிற்கவில்லை, அதற்குள் பதவி உயர்வு பேனல் போய்விட்டது, ஜூனியர் மேலே போனார். அநீதி உண்மையானதாகவே இருக்கலாம். அதை மறந்துவிடச் சொல்வது இரண்டாவது அநீதி. ஆனால் வாயால் நூறு முறை சொல்லும்போது கதை மாறுவதே இல்லை. எழுதும்போது மாறுகிறது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980களில் கல்லூரி மாணவர்களைத் தங்கள் வாழ்வின் வேதனையான நிகழ்வைப் பற்றி நாளுக்குப் 15 நிமிடம், நான்கு நாட்கள் எழுத வைத்தார். நடந்ததையும் அப்போது மனம் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். எல்லாருக்கும் இது ஒரே அளவில் பலிப்பதில்லை. ஆயினும் நான்கு நாள் முயன்று பார்க்கத் தகுந்தது. மெமோ கொடுத்த அதிகாரியைப் பற்றி எழுதும்போதே, அன்று இரவு மனைவி என்ன சொன்னாள், எந்த நண்பர் விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தார் என்பதையும் எழுதுங்கள். இத்தனை நாள் அந்தக் கதையில் அவர்களுக்கு இடமே இருந்திருக்காது.

பின்னால் பார்ப்பது ஒரு பாதி. முன்னால் இருப்பதைப் பற்றி என்ன நினைக்கிறோம் என்பது மற்றொரு பாதி. ‘இனிமே நமக்கென்ன இருக்கு’ என்ற வாக்கியத்தை அடக்கமாக நினைத்தே சொல்கிறோம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சிறு நகரத்தில், 50 வயதைக் கடந்த 660 பேரிடம் தங்கள் முதுமையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பதில்களை அவர்களின் ஆயுளோடு ஒப்பிட்டு பெக்கா லெவியும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்டார்கள். முதுமையை நல்லவிதமாகப் பார்த்தவர்கள், மற்றவர்களைவிடச் சராசரியாக 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். வயது, வருமான நிலை, உடல் இயக்கம், தனிமை ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் வித்தியாசம் நின்றது. எண்ணம் ஒன்றே ஆயுளைக் கூட்டியது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த வாக்கியத்தைத் தினமும் சொல்லிக்கொள்வதை நிறுத்த இந்த அளவு சான்று எனக்குப் போதும்.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்களுக்குத்தான் ஓய்வு, மனைவிக்கு இல்லை. ஆபீஸ் இல்லாத குறைக்கு அடுக்களையை ஆய்வு செய்யத் தொடங்கும் கணவர்கள் உண்டு. ஆசிரியையாக ஓய்வு பெறும் பெண்ணுக்கோ, இரண்டு வேலையில் ஒன்று மட்டுமே முடிகிறது. நோட்டில் ஒரு பக்கத்தை மனைவியிடம் கேட்டு எழுதுங்கள். நீங்கள் வெளியூரில் இருந்த ஆண்டுகளில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்த இரவுகள் உங்கள் நினைவில் இருக்காது. மனைவியின் நினைவில் இருக்கும்.

நோட்டு மருந்தல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் விருப்பமில்லாமல், வாழ்வதே வேண்டாம் என்று தோன்றினால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம்.

நோட்டு வாங்கியாகிவிட்டது, முதல் பக்கத்தில் என்ன எழுதுவது என்று திகைத்தால், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து தொடங்குங்கள். கையில் நியமன ஆணையோடு வாசலில் நின்ற உங்களை ‘உள்ளே வாப்பா’ என்று கூப்பிட்டு, நாற்காலி இழுத்துப் போட்டவர் யார்? அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்?