ஒட்டகச்சிவிங்கியின் உயரமும் அதன் விலையும்

ஒட்டகத்தின் உருவமும் சிவிங்கியின் புள்ளியும் ஒருங்கே வாய்த்தது போலத் தோன்றும் ஒட்டகச்சிவிங்கியை அறியாத சிறுவரும் இலர். தரையில் வாழும் விலங்குகளுள் உயரத்தில் இதனை விஞ்சியது வேறொன்றில்லை. நன்கு வளர்ந்த ஆண் 18 அடி உயரம் வரை நிற்கும். ஆபிரிக்காவின் வேல மரங்களிலே, பிற விலங்குகளுக்கு எட்டாத தளிர்களை, முள்ளுக்கும் அஞ்சாது, ஏறக்குறைய 18 அங்குல நாவினால் வளைத்துப் பறித்து உண்ணும் அதன் வாழ்வு இலகுவானது என்றே நாம் எண்ணுவோம். ஆயின் அவ்வுயரத்துக்காக அது கொடுக்கும் விலை சிறிதன்று.

நமது கழுத்தில் உள்ளவை போலவே அதன் கழுத்திலும் ஏழு எலும்புகளே உள. ஒவ்வொன்றும் மிக நீண்டிருப்பதே வேறுபாடு. அத்துணை உயரத்திலுள்ள மூளைக்கு இரத்தத்தை ஏற்றுவதற்காக, அதன் இரத்த அழுத்தம் நம்முடையதைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக இருக்கின்றது.

நீர் அருந்துவதோ அதற்குப் பெருந் தொல்லை. முன்னங்கால்களை அகல விரித்தாலன்றி வாய் நீரை எட்டாது. தலை தாழும்போது இரத்தம் மூளையை நோக்கிப் பெருகாதவாறு, கழுத்து நாளங்களிலுள்ள வால்வுகளும் மூளையடியில் அமைந்த நுண்குழாய் வலையும் காக்கின்றன. ஆயினும் சிங்கத்திடமிருந்து காப்பதற்கு யாதுமில்லை. குனிந்து நிற்கும் அவ்வேளையே அதற்கு ஆபத்தான வேளை. ஆதலால் தளிரிலுள்ள ஈரத்தைக் கொண்டே பல நாட்களை அது கழித்துவிடும்.

தாய் 15 மாதம் சுமந்து, நின்றபடியே ஈனும். அவ்வளவு உயரத்திலிருந்து நிலத்தில் விழுகின்ற கன்று, ஏறத்தாழ ஒரு மணி நேரத்துள் எழுந்து நின்றுவிடும். கன்றைக் காக்க வேண்டின், சிங்கத்தையும் கொல்லவல்ல உதை தாயின் கால்களில் உண்டு.

இத்தனை காவலும் மனிதனிடம் பயன்படவில்லை. 1985இல் 150,000க்கு மேலிருந்த இவ்விலங்குகள், வேட்டையாலும் காடழிப்பாலும் 2015இல் 100,000க்கும் குறைந்தன. மேற்கு ஆபிரிக்காவின் நைஜர் நாட்டிலோ, 1990களின் நடுப்பகுதியில் எஞ்சியவை 49 மட்டுமே.

அவற்றின் புகலிடம் தலைநகர் நியாமேக்கு அண்மையிலுள்ள கூரேப் பகுதி. அது வேலியிட்ட சரணாலயமன்று. ஏழை உழவர்களின் வயல்கள் சூழ்ந்த நிலம். ஒட்டகச்சிவிங்கிகள் அவர்களுடைய கௌப்பிப் பயிரையும் மேய்ந்துவிடுவதுண்டு. எனினும் அரசாங்கம் வேட்டையைத் தடுத்தது, உழவர்களுக்கு உதவிகள் கிடைத்தன, அவர்களும் பொறுத்துக்கொண்டனர். 2018இல் தொகை 600ஐக் கடந்தது. அவ்வாண்டிலேயே எட்டு விலங்குகள் கடபேஜி என்னும் பழைய வாழிடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன.

உயரத்துக்குரிய விலையை ஒட்டகச்சிவிங்கி தானே கொடுத்துக்கொள்கின்றது. அது உயிர் வாழ்வதற்குரிய விலையிலே ஒரு பங்கினை, தம் வயலின் விளைச்சலால், அவ்வேழை உழவர்கள் கொடுத்திருக்கின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.