வலமிருந்து இடமாக ஒரு சுவரொட்டி

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் சுவரொட்டியை எனக்கு வாசிக்கத் தெரியாது. அது யித்திஷ், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டு மொழி. எபிரேய எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். படம் மட்டும் புரியும்: கப்பலில் வந்திறங்கும் ஜனங்கள், தூரத்தில் சுதந்திர தேவி சிலை, நியூயார்க் நகரத்துக்கு மேலே வானவில். சார்லஸ் சேம்பர்ஸ் 1917இல் வரைந்தது. சுதந்திரம் தேடி வந்தீர்கள், அதைக் காக்க இனி நீங்களும் உதவ வேண்டும். நேச நாடுகளுக்குக் கோதுமை தேவை, எதையும் வீணாக்காதீர்கள் என்கிறது. ஆங்கிலத்திலும் இத்தாலிய மொழியிலும்கூட இதே படம் வந்தது. நானும் கடல் தாண்டி இங்கே குடியேறியவள். அடுப்படியில் நிற்கிற பெண்ணிடம் அவள் பேச்சிலேயே கேட்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறதே, அதற்காகவே வாங்கினேன்.

அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது 1917 ஏப்ரலில். ஆகஸ்டில் உணவு நிர்வாகம் அமைத்து ஹெர்பர்ட் ஹூவரிடம் ஒப்படைத்தார்கள். பின்னாளில் ஜனாதிபதி ஆனவர். கோதுமைக்கும் இறைச்சிக்கும் வீட்டுக்கு வீடு ரேஷன் போடாமல், நீங்களாகவே குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார் அவர். செவ்வாய் இறைச்சி வேண்டாம், புதன் கோதுமை வேண்டாம். கட்டாயம் இல்லாத இடத்தில் கேட்கிற விதம்தானே முக்கியம்? அதனால்தான் அப்படிக் கேட்பதற்காக அச்சடித்த இந்தச் சுவரொட்டிகள் இவ்வளவு அழகு என்று நினைக்கிறேன்.

எஃப். ஜி. கூப்பர் செய்த ஒன்றில் படமே பெரிதாக இல்லை, ஆறு வரிகள்தான்: யோசித்து வாங்கு, பக்குவமாகச் சமை, கோதுமையும் இறைச்சியும் குறை, உள்ளூரில் விளைந்ததை வாங்கு, போதுமான அளவே பரிமாறு, மிச்சத்தைப் பயன்படுத்து. என் சமையலறைக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்கவில்லை. வெரீஸ் என்ற ஓவியர் வரைந்த இன்னொன்றில் காய்கறி பதப்படுத்திய கண்ணாடிச் சாடிகளோடு ஜெர்மன் பேரரசர் கெய்சரும் ஒரு சாடிக்குள் அடைபட்டிருப்பார்.

சேகரிக்கத் தொடங்கிய புதிதில் அசல் என்று நம்பி ஒரு மறுபதிப்புக்கு நிறையப் பணம் கொடுத்து ஏமாந்தேன். வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை. அதன்பின் பூதக்கண்ணாடி இல்லாமல் எதையும் வாங்குவதில்லை. அந்தக் காலத்து லித்தோ அச்சில் நிறம் சாக்கட்டியால் தேய்த்ததுபோல ஒழுங்கில்லாமல் படிந்திருக்கும். பிற்கால ஆஃப்செட்டில் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். மடிப்புத் தடம் இருந்தால் பயப்பட வேண்டாம், பலவும் மடித்தே வைக்கப்பட்டவை. ஓரத்தை வெட்டியிருந்தால்தான் யோசிக்க வேண்டும், அச்சகத்தின் பெயர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

சில மாதம் சுவரில் இருந்தால் போதும் என்று அச்சடித்த மலிவுத் தாள் இது. நாளானால் பழுத்து நொறுங்கும். என்னுடையது மூலையில் கிழிந்திருந்தது. பழுதுபார்ப்பவர் கோதுமை மாவுச்சத்தைக் காய்ச்சிப் பசையாக்கி, பின்புறம் மெல்லிய ஜப்பானியத் தாள் ஒட்டித் தந்தார். அந்தப் பசை வேண்டும்போது தண்ணீரில் இளகி வந்துவிடும், தாளைக் கெடுக்காது. கோதுமையை மிச்சம் பிடிக்கச் சொன்ன தாளுக்குக் கோதுமையே மருந்து. வெயில் படாத சுவராகப் பார்த்து மாட்டினேன்.

மேல்மாடிப் பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒருநாள் காப்பிக்கு வந்தவர் அதன் எதிரே அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடிமேல் விரலை வைத்து, வலமிருந்து இடமாக, சத்தமாக வாசித்தார். இரண்டாம் முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அடுப்பில் பால் பொங்கியதைக் கவனிக்கவில்லை.