பெருந்தமனிப் புடைப்பு: கத்தி எடுப்பதும் காத்திருப்பதும்

முத்தாண்டிக்குப்பத்தின் முந்திரித் தோப்புகளில் நிற்பவர்க்கு, அருகிலுள்ள நெய்வேலிச் சுரங்கத்தை அச்சுறுத்தும் ஆபத்து எதுவென்று எளிதில் புலப்படாது. அங்கே பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியில், மிகுந்த அழுத்தத்துடன் நிலத்தடி நீர் அடைபட்டுக் கிடக்கிறது. மேல்மண்ணை அகற்ற அகற்ற, அந்நீரின் மேல்நோக்கிய அழுத்தம் சுரங்கத் தளத்தையே பிளந்துவிடக் கூடும். எனவேதான் நிலக்கரியை வெட்டும் இயந்திரங்களோடு நீரிறைக்கும் இயந்திரங்களும் இரவு பகலாக இயங்கி அவ்வழுத்தத்தைத் தணிக்கின்றன. அழுத்தத்திற்கும் அதனைத் தாங்கும் சுவருக்கும் உள்ள இந்த உறவை அறிந்தவர்க்கு, மனித உடலில் தோன்றும் பெருந்தமனிப் புடைப்பைப் புரிந்துகொள்வது கடினமன்று.

இதயத்திலிருந்து புறப்பட்டு நெஞ்சையும் வயிற்றையும் கடந்து செல்லும் பெருந்தமனி, வயிற்றுப் பகுதியில் ஏறத்தாழ 2 செ.மீ. விட்டமுடையது. அதன் சுவர் நலிந்து, விட்டம் 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் விரியுமானால் மருத்துவர்கள் அதனை 'அன்யூரிஸம்' என்பர். குழாய் அகலும்போது, இரத்த அழுத்தம் மாறாதிருப்பினும் சுவரின் மீதான இழுவிசை கூடுகிறது. ஆகவே விரிந்தது மேலும் விரிகிறது. புகைப்பழக்கம், முதுமை, உயர் இரத்த அழுத்தம், குடும்ப வழி ஆகியன இதன் முக்கியக் காரணிகள். பெரும்பாலும் வலியோ வேறு அறிகுறியோ இராது. வெடித்துவிட்டாலோ, பலர் மருத்துவமனையை அடையுமுன்பே உயிரிழக்கின்றனர்.

இந்நோயை எதிர்கொண்ட மருத்துவர்களின் முன் தொன்றுதொட்டு நின்ற வினா, எப்போது அறுப்பது, எப்போது அறுக்காதிருப்பது என்பதே. 10ஆம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, முப்பது பகுதிகளைக் கொண்ட தமது 'அத்தஸ்ரீஃப்' நூலில் தமனிப் புடைப்பைப் பற்றி எழுதியுள்ளார். அக்குள், தொடை இடுக்கு, கழுத்து ஆகிய இடங்களில் தோன்றுபவற்றையும் மிகப் பெரியவற்றையும் கத்தியால் தீண்டலாகாது என்று அவர் எச்சரித்தார். குருதிப்பெருக்கைக் கட்டுப்படுத்தும் வழி இல்லாத இடத்தில் துணிச்சல் மருத்துவமாகாது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

வயிற்றுப் பெருந்தமனிப் புடைப்பை வெட்டி நீக்கி மாற்றுக் குழாய் பொருத்தும் அறுவையை 1951இல் பாரிஸில் சார்ல் துபோஸ்த் வெற்றிகரமாகச் செய்தார். 1990இல் புவெனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி, வயிற்றைத் திறவாமல் தொடைத் தமனி வழியே உறைக்குழாயைச் செலுத்திப் பொருத்தினார். கத்தியால் எட்ட இயலாத இடம் எட்டக்கூடியதாயிற்று. ஆயினும் பழைய வினா தீரவில்லை. இயலுகிறது என்பதாலேயே செய்துவிடலாமா?

இதற்கு விடை கண்டவை மருத்துவமனை ஆய்வுகளே. 4.0 முதல் 5.5 செ.மீ. வரையான புடைப்புடைய 1,090 பேரைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு உடனடி அறுவை செய்யப்பட்டது. மறு பிரிவினர் ஒலியலைப் பரிசோதனை (ஸ்கேன்) மூலம் கண்காணிக்கப்பட்டனர். உடனடி அறுவையால் ஆயுள் நீடிக்கவில்லை என்று 1998இல் முடிவு வெளிவந்தது. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வும் இதனையே உறுதிப்படுத்தியது. இன்று ஆண்களுக்கு 5.5 செ.மீ. என்னும் எல்லை வகுக்கப்பட்டிருப்பதன் பின்னணி இதுவே.

உறைக்குழாய் முறையும் இவ்வாறே சோதிக்கப்பட்டது. 2004இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், சிகிச்சைக்குப் பின் 30 நாட்களுக்குள் இறந்தோர் உறைக்குழாய்ப் பிரிவில் 1.7 விழுக்காடு, திறந்த அறுவைப் பிரிவில் 4.7 விழுக்காடு. ஆனால் 2016இல் வெளிவந்த நீண்டகாலக் கணக்கில், எட்டாண்டுகளுக்குப் பின் உறைக்குழாய்ப் பிரிவிலேயே இறப்பு மிகுந்திருந்தது. உறைக்குழாய் பொருத்தப்பட்டவர் வாழ்நாள் முழுதும் பரிசோதனைக்கு வரவேண்டும் என்பது இதனால் தெளிவாயிற்று. மருந்துகளைப் பொறுத்தவரை, டாக்சிசைக்ளின் சிறு புடைப்புகளின் வளர்ச்சியைத் தடுக்கவில்லை என்று 2020இல் தெரியவந்தது. நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மின் குறித்துச் சோதனைகள் நடைபெறுகின்றன.

இவ்வளவுகளை நம்மவர்க்கு அப்படியே பொருத்தலாமா என்னும் கேள்வியும் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து 2014இல் வெளியான சி.டி. ஆய்வு, இந்தியர்களின் வயிற்றுப் பெருந்தமனி மேலைநாட்டாருடையதைவிடக் குறுகலானது எனக் காட்டிற்று. 2 செ.மீ. குழாய் 5.5 ஆவதும், அதனினும் குறுகிய குழாய் 5.5 ஆவதும் ஒன்றல்ல. பெண்களுக்கு இதனினும் குறைந்த எல்லை ஏற்கப்பட்டிருப்பது இங்குக் கருதத்தக்கது. மேலை ஆய்வுகளில் பங்கேற்றோர் பெரும்பாலும் வெள்ளை இன ஆண்களே. நம் மக்களின் உடலுக்குரிய அளவை நம் மருத்துவமனைகளின் ஆய்வுகளே வகுத்தாக வேண்டும். அவற்றில் நோயாளிகள் விவரமறிந்து, தம் இசைவுடன் பங்கேற்பதும் இன்றியமையாதது.

65 முதல் 74 வயது வரையான 67,800 பிரிட்டிஷ் ஆண்களிடம் நடந்த மற்றோர் ஆய்வு 2002இல் வெளிவந்தது. ஒலியலைப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டோரிடையே இந்நோயால் நேரும் இறப்பு 42 விழுக்காடு குறைந்தது. இந்தியாவில் இதற்கெனத் தேசியத் திட்டம் ஏதுமில்லை. ஆயினும் நீண்டகாலம் பீடியோ சிகரெட்டோ புகைத்த முதியவர், வலியற்ற இப்பரிசோதனையை ஒருமுறை செய்துகொள்வது குறித்து மருத்துவரிடம் கேட்கலாம்.

சிறு புடைப்பு இருப்பதாகத் தெரிந்து, "இப்போது அறுவை வேண்டாம்" என மருத்துவர் கூறினால், அது கைவிடுதலன்று. "ஒன்றுமில்லை" என்பதும் அதன் பொருளன்று. இவ்விரு தவறான புரிதல்களுமே உயிரைப் பறிக்கக் கூடியவை. காத்திருத்தல் என்பது புகையை விடுத்து, இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்து, குறித்த நாளில் தவறாது அளவெடுத்துக்கொள்வது. நெய்வேலியின் நீரிறைக்கும் இயந்திரங்கள் ஒருநாளும் ஓய்வதில்லை என்பதை இங்கே நினைவிற்கொள்வது நலம். ஸஹ்ராவி கத்தியை விலக்கி வைத்தது அச்சத்தினாலன்று, அறிவினாலேயே. அவ்வறிவுக்கு இன்று அளவும் எண்ணும் துணைநிற்கின்றன.